அம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வார்கள்?

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்த பிறகு கருப்பை சுருங்கி இறுகாவிட்டால் அந்த இரத்தம் வெளியேதான் வரும். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணித்தியாலம் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சிறிய ஆஸ்பத்திரிகளில் உள்ள டாக்டர், தாதி, மிட்வைஃப் ஆகியோருக்கு மகப்பேற்று அவசரப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

இந்தப் பயிற்சியைப் புத்தகத்தை வைத்து மட்டும் கொடுக்க முடியாது. கட்டிலில் ஒரு பொம்மையைக் கிடத்தி, "இரத்தம் நிற்கவில்லை" என்று ஒருவர் குரல் கொடுப்பார். ஒருவர் வயிற்றில் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்து இறுக வைப்பார். ஒருவர் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிடோசின் மருந்தை ஏற்ற, இன்னொருவர் நாளத்தில் பெரிய கெனுலா குழாய் போட்டு சேலைன் தொடங்குவார். கடைசி ஆள் நேரத்தை எழுதிக்கொண்டே இருப்பார். எழுத ஓர் ஆள் எதற்கு என்று தோன்றும். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதைப் பெரியாஸ்பத்திரியில் அந்தத் தாள்தான் சொல்லும். வெளியேறிய இரத்தம் 500 மில்லிலீற்றர் தாண்டினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்மட்டத்தில் கணித்தால் பெரும்பாலும் குறைத்தே எழுதுவோம். நனைந்த துணியைத் தராசில் எடை போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் என்று ஏறக்குறையச் சரியாக வரும்.

ஒக்சிடோசினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். நுவரெலியாக் குளிரை நம்பி அலமாரியில் வைத்துவிட முடியாது. பிரஷர் ஏறி வலிப்பு வந்தவருக்கு, வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

சரி, நம் பக்கம் என்ன? மாதம் தள்ளியதுமே மிட்வைஃபிடம் பதியுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டியது மட்டும் போதாது. முன்பு சிசேரியன், இரத்தச்சோகை, பிரஷர், சீனி, 20க்குக் கீழோ 35க்கு மேலோ வயது, இதில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லி, விசேட வைத்தியரிடம் எப்போது காட்டுவது என்று கேளுங்கள். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கர்ப்பிணி அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், எங்கே போனாலும் கையோடு இருக்கட்டும்.

கடும் தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது ஒரு விஷயம்: பல தோட்டங்களுக்குப் பலகையில் ஒரு பெயர், நாம் கூப்பிடுவது வேறு பெயர். பலகையில் உள்ள பெயரையும் டிவிசனையும் சொல்லி, சந்திக்கு ஒருவரை டோர்ச் லைட்டோடு அனுப்புங்கள்.