துடைப்பம் காக்கும் காடு

மாசி பிறந்ததும் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் நடந்தால், கால் வைக்கும் இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அந்தச் சத்தத்தை எடை போட முடியும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் போட்டு, உள்ளே கிடக்கும் சருகு, புல், குச்சி எல்லாவற்றையும் வாரிக் காயவைத்து நிறுக்க வேண்டும். 400 கிராம் வந்தால், எக்டேருக்கு 4 டன் விறகு தரையில் பரப்பிக் கிடக்கிறது என்று பொருள். இப்படிப் பல இடங்களில் எடுத்த சராசரிதான் அந்த வருடத் தீக்காலத்துக்கான முதல் கணக்கு.

எடை மட்டும் போதாது, தடிமனும் முக்கியம். 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சருகும் புல்லும் காற்றில் உள்ள ஈரத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடும். மணிக்கட்டு மொத்தக் கிளைக்கு அதே மாற்றத்துக்கு நாலைந்து நாள் பிடிக்கும். அதனால்தான் காலை பத்து மணிக்குப் பற்றவே மறுக்கும் சருகு, வேலூர் வெயிலில் பிற்பகல் இரண்டுக்கு ஒரு பீடித் துண்டுக்கே பிடித்துக்கொள்கிறது. முந்தின வாரம் பெய்த தூறலை நம்பி யாரும் காவலைத் தளர்த்தக் கூடாது; அந்த ஈரம் கட்டைக்குள் இருக்கலாம், சருகில் இருக்காது.

இங்கே எரிவது பெரும்பாலும் தரைத்தீ. மரத்தின் உச்சிக்கு ஏறாமல் முழங்கால் உயரத்தில் ஊர்ந்து போகும். சரிவு வந்தால் கதை வேறு. மேல்நோக்கிப் போகும் தீ தன் முன்னால் இருக்கும் புல்லைச் சுட்டு உலர்த்திக்கொண்டே ஏறும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. 20 பாகையில் நான்கு மடங்கு. ஆகவே தீத்தடுப்புக் கோட்டை, அதாவது தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்கிய பட்டையை, சரிவின் நடுவில் வெட்டுவது பெரும்பாலும் வீண்வேலை. அங்கேதான் தீ முழு வேகத்தில் இருக்கும். மலைமுகட்டிலோ, முகட்டைத் தாண்டி மறுபக்கம் சற்றுக் கீழேயோ வெட்டினால், எதிர்ப்பக்கக் காற்று மோதித் தீ தானே தயங்கும் இடத்தில் கோடு நிற்கும். வேறு வழியின்றிச் சரிவில்தான் வெட்டியாக வேண்டுமென்றால், கீழ்ப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு மண்ணணை வேண்டும். இல்லாவிட்டால் எரிந்த மூங்கில் கணுவும் கட்டையும் உருண்டு வந்து கோட்டைத் தாண்டிவிடும். பாறையும் வறண்ட ஓடையும் வண்டித்தடமும் காசில்லாமல் கிடைக்கும் கோடுகள். முதலில் அவற்றை வரைபடத்தில் குறித்துவிட்டு, இடைவெளிகளை மட்டும் வெட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

அகலத்துக்கு ஒரு கைக்கணக்கு: ஓரத்தில் நிற்கும் புல் புதரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டு மீட்டர் புதருக்கு மூன்று மீட்டர் கோடு. அதுவும் புல்லை அறுத்துவிட்டால் போதாது, வேரோடு செதுக்கி மண் தெரிய வேண்டும். அகலக் கோடு தேவைப்படும் இடத்தில் இரு ஓரங்களிலும் ஒன்றிரண்டு மீட்டர் செதுக்கிவிட்டு, நடுவில் உள்ளதைத் தை மாதத்தில், பனி உலரத் தொடங்கும் காலையிலோ மாலை ஐந்துக்கு மேலோ, காற்றுக்கு எதிராக எரித்துவிடுவார்கள்.

இத்தனை செய்தும் கோடு தோற்பது எங்கே? பெரும்பாலும் காலண்டரில். வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழியில் கோடு வெட்டி, அளந்து, கூலி கொடுத்து, கோப்பை மூடிவிடுகிறோம். மரங்களோ தையிலிருந்து பங்குனி வரை இலையைக் கொட்டுகின்றன. பங்குனியில் போய்ப் பார்த்தால் மூன்று மீட்டர் கோட்டின் மேல் ஒரு உள்ளங்கை ஆழத்துக்குச் சருகு மெத்தை. தீ அதன் மேல் சாவகாசமாக நடந்து போகும். மாசி நடுவில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை துடைப்பத்தாலோ சருகு ஊதும் இயந்திரத்தாலோ கூட்டியே ஆக வேண்டும். வெட்டும் கூலியில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்காத திட்டம் பாதித் திட்டம்தான். இன்னொரு தவறு, செதுக்கியதைக் கோட்டின் ஓரத்திலேயே அம்பாரமாகக் குவிப்பது. தீ வந்து சேரும்போது அங்கேதான் சுவாலை எழும்.

கோட்டோரம் உண்ணிச்செடி (லண்டானா) இருந்தால் தொல்லை கூடும். அரைப்பச்சையிலேயே எரியக்கூடியது; தரைத்தீக்கு ஏணி போட்டு மரக்கிளைக்கு ஏற்றிவிடும். வெட்டினாலும் எரித்தாலும் வேர்த்தலையிலிருந்து மறுபடி தழைக்கும். அதனால் தண்டை வெட்டாமல், மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். காய் பழுக்கும் முன்பே இதைச் செய்வது நல்லது. பழத்தைத் தின்ற சின்னான் குருவி உட்காரும் மரத்தடியில் அடுத்த இரண்டு மூன்று மழைக்காலம் நாற்று முளைக்கும், தேடிப் பிடுங்க வேண்டும்.

திருப்பத்தூர் சந்தனக் கிடங்கைத் தெரியாதவர் இந்தப் பக்கம் குறைவு. அங்கே ஏலம் போகும் கட்டையின் கதையும் இந்தச் சருகில்தான் தொடங்குகிறது. சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொண்டாலும், நீருக்கும் உப்புச் சத்துக்கும் பக்கத்து மரத்தின் வேரில் உறிஞ்சிகளைப் பதிக்கிறது. தீ ஓடிய இடத்தில் மெல்லிய தோல் கொண்ட சந்தனக் கன்று கருகுகிறது. தப்பித்தாலும், அது பற்றியிருந்த இளஞ்செடி போய்விட்டிருக்கும். எரிந்த இடத்திலும் எரியாத இடத்திலும் 10 மீட்டர் சதுரங்கள் குறித்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கன்றுகளை எண்ணினால் இழப்பு தெரியும். பெரிய மரங்களை மட்டும் எண்ணினால் காடு நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

இப்போது செயற்கைக்கோள் தீ எச்சரிக்கை செல்பேசிக்கே வருகிறது. பயனுள்ளதுதான், ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். சில செயற்கைக்கோள்களில் உள்ள விஐஐஆர்எஸ் (VIIRS) என்ற படக்கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், அதாவது 14 எக்டேர். தீ அதற்குள் எங்கேயும் இருக்கலாம். செங்கல் சூளையும் புள்ளியாக விழும். அந்தக் கோள்கள் கடப்பது பகல், இரவு ஒன்றரை மணியை ஒட்டி; பிற்பகல் மூன்றுக்கு வைத்த தீ நள்ளிரவுக்குப் பிறகே தெரியும். அதற்குள் மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவரின் போன் வந்திருக்கும்.

தீ அடங்கியதும் வேலை முடியவில்லை. கோட்டிலிருந்து உள்ளே இருபது முப்பது மீட்டர் வரை கட்டை, பழைய சாணம், பொந்து மரம் எல்லாவற்றையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். சூடு இருந்தால் கொத்திப் பிரித்து மண் போட்டு மூடி, மறுநாள் மதியம் காற்று எழும் முன் இன்னொரு முறை சுற்றி வர வேண்டும்.