வேதிச் சமநிலை: சொல்லும் பொருளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கும் பிள்ளைகளிடம் ‘சமநிலை’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் பந்தாட்டம்தான் அவர்கள் நினைவுக்கு வரும். ‘ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது’ என்றுதான் நம் தமிழ் நாளிதழ்கள் எழுதுகின்றன. அந்த வரியிலிருந்து இரண்டு விஷயங்கள் மனத்தில் பதிந்துவிடுகின்றன. இரு பக்கமும் ஒரே எண் என்பது ஒன்று, ஆட்டம் முடிந்துவிட்டது என்பது இன்னொன்று. வேதியியலுக்குள் வந்தால் இரண்டுமே தப்பு. மலாயில் இந்தத் தொல்லை இல்லை. பந்தாட்டத்துக்கு ‘செரி’, வேதியியலுக்கு ‘கெசெயிம்பாங்ஙான்’ என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழில்தான் ஒரே சொல் இரண்டு வேலைக்கும் போகிறது.

சரி, வேதியியலில் சமநிலை என்றால் என்ன? சில வினைகள் இரு திசையிலும் நடக்கும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியாவே பிரிந்து மறுபடி நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஆகும். இதற்கு மீள்வினை என்று பெயர். முன்னால் போவது முன்னோக்கு வினை, திரும்பி வருவது பின்னோக்கு வினை. (சுருக்கமாக ‘முன்வினை’ என்று எழுதியிருக்கலாமே என்று தோன்றும். எழுதினால் நம் பாட்டிமார் போன பிறவிக் கணக்கைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.) தொடக்கத்தில் முன்னோக்கு வினை வேகமாக நடக்கும். விளைபொருள் சேரச் சேரப் பின்னோக்கு வினையும் வேகம் பிடிக்கும். இரண்டு வேகமும் ஒன்றாகிற கட்டத்தில் எந்தப் பொருளின் அளவும் அதற்கு மேல் மாறாது. அந்தக் கட்டம்தான் வேதிச் சமநிலை. சமமாவது வேகம், அளவு சமமாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஈப்போ பெரிய ஊர், சுங்கை சிப்புட் சின்ன ஊர். ஒரு மாதத்தில் இங்கிருந்து ஐந்நூறு பேர் ஈப்போவுக்குக் குடிபோகிறார்கள், அங்கிருந்து ஐந்நூறு பேர் இங்கே குடிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரின் மக்கள்தொகையும் மாறாது. ஆனால் ஈப்போ ஈப்போவாகவே பெரிதாக இருக்கும், நம் ஊர் சின்னதாகவே இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் யாருமே நகரவில்லை என்று நினைப்பார். லாரியில் சாமான் ஏற்றுகிறவருக்குத்தான் உண்மை தெரியும்.

இந்தத் தெளிவு வேதியியலுக்கு வந்து சேர ஏறக்குறைய எண்பது ஆண்டு ஆனது. 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போன பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தொல்லே, அங்கே உப்பு ஏரிகளின் கரையில் சோடா (சோடியம் கார்பனேட்) படிந்து கிடப்பதைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்புக்கல்லும் சாதாரண உப்பும் கிடைக்கும். ஏரிக்கரையில் நடந்திருப்பதோ அதற்கு நேர் எதிர்: உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடா உண்டாகியிருந்தது. பொருள் ஏராளமாகக் குவிந்தால் வினையின் திசையே திரும்பும் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1803இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பில் இருந்த சொல் ‘ஸ்டாட்டிக்’, அதாவது நிலையியல். எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன என்ற இயந்திரவியல் பார்வை அது. 1864இல் நார்வேயின் குல்பெர்கும் வாகேயும் (இருவரும் மைத்துனர்கள்) பொருளின் செறிவையும் வினையையும் கணக்கில் கட்டினார்கள். 1884இல் டச்சுக்காரர் வான்ட் ஹாஃப் எழுதிய நூலின் தலைப்புக்கு ‘டைனமிக்’, அதாவது இயக்கவியல், வந்துவிட்டது. சமன்பாட்டின் நடுவே எதிரெதிராக இரண்டு அம்புகள் போடும் வழக்கமும் அவரோடு வந்ததுதான். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்குத்தான் கிடைத்தது.

ஐரோப்பிய மொழிகளில் புழங்கும் ‘ஈக்விலிப்ரியம்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ஈக்வுஸ்’ என்றால் சமம், ‘லீப்ரா’ என்றால் தராசு. ஆக, தராசின் இரு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்பதுதான் மூலப் பொருள். தமிழும் இதே தராசைப் பிடித்திருக்கிறது. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று குறள் (118) சொல்வது துலாக்கோலைத்தான். அந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயர் ‘நடுவுநிலைமை’. இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதற்கு ‘நடுநிலையாக்கல்’ என்று பாடநூல்கள் பெயர் வைத்துவிட்டன. நடுநிலை வேறு, சமநிலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் நிறைய. ஒரே வீட்டில் பிறந்த சொற்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

‘சம’ வடசொல் ஆயிற்றே, தனித்தமிழில் வேறு சொல் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ‘நிகர்நிலை’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் அதைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் (‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’). ‘ஒப்புநிலை’ என்றால் ஒப்பிடுவது போல ஒலிக்கிறது. என்னைக் கேட்டால் ‘சமநிலை’ இருக்கட்டும். குறளே ‘சமன்’ என்றபின் நமக்கென்ன கூச்சம்? குறை வேறோர் இடத்தில் இருக்கிறது: இயக்கம் நிற்கவில்லை என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதனால் முதல் தடவை எழுதும்போதாவது ‘இயங்குச் சமநிலை’ என்று முழுதாக எழுதுவது நல்லது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘வேதிச் சமநிலை’, இலங்கையில் ‘இரசாயனச் சமநிலை’. தமிழ்நாட்டார் ‘வினை’, ‘வினைவேகம்’ என்பதை இலங்கையார் ‘தாக்கம்’, ‘தாக்க வீதம்’ என்பார்கள். நம் பிள்ளைகள் இணையத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு வேறு வேறு பாடம் என்று நினைக்க வேண்டாம்.

வினைவேகமும் சமநிலையும் இரண்டு தனிக் கேள்விகள். எவ்வளவு சீக்கிரம் என்பது வேகம், எதுவரை என்பது சமநிலை. அம்மோனியாத் தயாரிப்பில் இது நன்றாகத் தெரியும். அது வெப்பத்தை வெளிவிடும் வினை. குளிராக வைத்தால் சமநிலையில் அம்மோனியா அதிகம் இருக்கும். ஆனால் குளிரில் வினை ஆமை வேகத்தில் போகும், காத்திருந்து கட்டுப்படியாகாது. அதனால் ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ், 200 வளிமண்டல அழுத்தம், கூடவே இரும்பு வினையூக்கி என்று ஒரு சமரசம். நம் வேதியியல் பாடத்தில் ‘ஹேபர் முறை’ என்று வருவது இதுதான். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. வினையூக்கி இரு திசை வேகத்தையும் ஒன்றுபோலக் கூட்டும்; சமநிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்குமே தவிர, அதை ஒரு முடிகூட நகர்த்தாது. தோட்டத்து உரக் கொட்டகையில் அடுக்கியிருக்கும் யூரியாவும் அம்மோனியாவிலிருந்து வருவதுதான்.

அதே அம்மோனியா ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரிலும் (ரப்பர் பால் சேர்த்துவைக்கும் கொட்டகை) இருக்கிறது. ரப்பர் பால் ஆலைக்குப் போகும் முன் உறைந்துவிடாமல் இருக்க அதில் கொஞ்சம் அம்மோனியா விடுவார்கள். மூடியைத் திறந்தால் கண் எரியும், மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவோம். பாலிலுள்ள நீரோடு அம்மோனியா வினைபுரிந்து அம்மோனியம் அயனியையும் ஹைட்ராக்சைடு அயனியையும் தருகிறது (அயனி என்றால் மின்னூட்டமுள்ள துகள்). அவை திரும்பச் சேர்ந்து அம்மோனியாவும் ஆகின்றன. நீர்த்த கரைசலில் நூறு மூலக்கூறில் ஒன்று என்ற அளவுதான் அயனியாக இருக்கும். நூற்றுக்கு ஒன்று, ஆனாலும் அது சமநிலை. மீதி அம்மோனியா அம்மோனியாவாகவே இருப்பதால்தான் அத்தனை நெடி.

இந்தப் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றினால் என்ன ஆகும்? ஆசிட் முதலில் ஹைட்ராக்சைடைத் தீர்க்கும். தீர்ந்ததை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் அம்மோனியா நீரோடு வினைபுரியும். அதையும் ஆசிட் தீர்க்கும். நெடி மெல்லக் குறையும், ஏனென்றால் அம்மோனியம் உப்புக்கு அந்த வாடை கிடையாது. ஒரு மாற்றத்தைத் திணித்தால் அதைத் தணிக்கும் திசையில் சமநிலை நகரும் என்று பிரான்சின் லெ சாட்லியர் 1884இல் சொன்னது இதைத்தான். அம்மோனியா முழுக்க இப்படித் தீர்ந்தபிறகே ஆசிட் பாலை உறையவைக்கும். அம்மோனியா விட்ட பாலுக்கு ஆசிட் கூடுதலாகப் பிடிக்கிறது என்று ஸ்டோரில் வேலை பார்த்தவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அப்புறம் ஒன்று. உறைந்து கட்டிப்பால் ஆனதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். அதன்மேல் எத்தனை வாளி அம்மோனியா ஊற்றினாலும் அது பழையபடி பாலாகாது. உறைவது எவ்வளவு வேகம் என்று கேட்கலாம். அங்கே இரட்டை அம்பு போட இடமில்லை.