கோ-ஆப்ஷன்: தமிழில் ‘எடுத்தாளல்’

கோ-ஆப்ஷன் என்றதும் கோ-ஆப்பரேஷன் நினைவுக்கு வந்து, கூட்டுறவு என்று எழுதிவிடத் தோன்றும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ‘கோ’ என்ற முன்னொட்டு மட்டும்தான். அங்கே அதோடு ஒட்டியிருக்கும் வினை ‘வேலை செய்’, இங்கே ‘தேர்ந்தெடு’. லத்தீனில் கோஆப்டாரே என்றால், குழுவில் ஏற்கெனவே இருப்பவர்கள் தாங்களே ஒருவரைத் தேர்ந்து சேர்த்துக்கொள்வது. பழைய ரோமின் பூசாரிக் குழுக்கள் அப்படி ஆள் சேர்த்ததுண்டு. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, வேறொன்றுக்காக இருந்ததைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வது என்ற பொருளும் சேர்ந்தது. பரிணாம உயிரியலுக்கு வேண்டியது இந்தப் பிந்தைய பொருள்தான்.

அங்கே அதன் பொருள் இது: உடலில் ஒரு வேலையைச் செய்துவரும் மரபணு, அந்த வேலையை விடாமலே, வேறோர் இடத்திலோ வேறொரு பருவத்திலோ புது வேலைக்கும் வருவது. புது உறுப்பு என்றால் புது மரபணு வேண்டும் என்றுதான் முதலில் நினைப்போம். பூச்சிகளைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி இல்லை.

டிஸ்டல்-லெஸ் என்றொரு மரபணு. பழ ஈயில் அது பழுதானால் காலின் நுனிப்பகுதி சரியாக உருவாகாது. அதனால்தான் ‘நுனியற்றது’ என்று பொருள்படும் அந்தப் பெயர். கால், உணர்கொம்பு போன்றவற்றின் நுனியை உருவாக்குவது அதன் பழைய வேலை. 1994-ல் ஷான் கேரலும் உடன் ஆய்வு செய்தவர்களும் வண்ணத்துப்பூச்சியின் வளரும் இறக்கையில், கண்புள்ளி வரப்போகும் இடத்தின் நட்டநடுவில் இதே மரபணு இயங்குவதைக் கண்டார்கள். கண்புள்ளி தட்டையான ஒரு நிறக்கோலம். அதில் நீளவும் ஒன்றுமில்லை, மடங்கவும் ஒன்றுமில்லை. கால் செய்யும் மரபணுவுக்கு அங்கே என்ன வேலை?

சிங்கப்பூரில் அந்தோனியா மொன்டெய்ரோவின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஆழமாகக் காட்டியது. டிஸ்டல்-லெஸ்ஸை இயக்கும் சுவிட்ச் போன்ற ஒரு டிஎன்ஏ துண்டைக் கெடுத்தார்கள். கண்புள்ளியோடு உணர்கொம்பும் காலும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. பழைய உறுப்புக்கும் புதுக் கோலத்துக்கும் ஒரே சுவிட்ச்! முதன்முறை இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் தாண்டவே என்னால் முடியவில்லை.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்? ‘மறுபயன்பாடு’ எளிமையாக இருக்கிறது. ஆனால் முதல் பயன் முடிந்துபோன பொருளைத்தான் மறுபடி பயன்படுத்துகிறோம். டிஸ்டல்-லெஸ் இன்னும் கால் செய்துகொண்டுதான் இருக்கிறது. ‘கைப்பற்றல்’ என்றால் பழைய இடம் அதை இழந்துவிடும். ‘இணைத்துக்கொள்ளல்’ குழு உறுப்பினருக்குப் பொருந்தும், மரபணுவுக்குப் பொருந்தாது.

‘எடுத்தாளல்’ என்பதே என் தேர்வு. பழம்பாட்டின் வரியொன்றைப் புலவர் தம் பாட்டில் எடுத்தாள்கிறார். பழைய பாட்டில் அந்த வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதுப் பாட்டில் அதைச் சுற்றி வேறு சொற்கள், அதனால் வேறு பொருள். மரபணுவுக்கு நடப்பதும் இதுதான். வினையாகவும் இந்தச் சொல் நன்றாக வளைகிறது: எடுத்தாண்டது, எடுத்தாளப்பட்ட மரபணு. எடுத்தாள ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கே அதைச் செய்வது தற்செயலான டிஎன்ஏ மாற்றமும் இயற்கைத் தேர்வும். ஆகவே ‘எடுத்தாளப்பட்டது’ என்று செயப்பாட்டில் எழுதுவது நல்லது.

எக்ஸாப்டேஷன் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1982-ல் ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் விர்பாவும் உருவாக்கிய சொல் அது. உருவாகிவிட்ட ஒரு பண்பு பிறகு வேறு பயனுக்கு வருவதைக் குறிக்கும். ‘பயன்மாற்றம்’ அதற்குப் போதும்.

அப்புறம், எடுத்தாளப்படுவது ஒற்றை மரபணுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ட்ரோசோபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயிலும் அதன் மிக நெருங்கிய உறவு இனங்களிலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பில் ஒரு சிறு மடல் உண்டு. தூரத்து உறவினங்களில் அது கிடையாது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்த மடலை உருவாக்கும் மரபணு வலைப்பின்னல் ஈயின் முந்தைய பருவத்தில் வேறொன்றுக்காக இயங்குவது: புழுவின் வால்முனையில் இருக்கும் சுவாசத்துளையை உருவாக்குவதற்காக. ஒரு வரியை அல்ல, பத்தியையே எடுத்தாண்டது போல.