இடுப்புக்குள் ஒரு வண்டிப் பட்டா

காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுபவர் ஒருவர், தன் அம்மாவின் இடுப்பு மாற்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டார்: "சிமெண்ட் வெக்கிறேன்னு சொல்றீங்களே டாக்டர், அது நம்ம ரெசின் மாதிரியா? இறுகும்போது சுருங்குமே?"

வழக்கமாக எவ்வளவு செலவு, எப்போது நடக்கலாம் என்றுதான் கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்குப் புதிது.

அவர் நினைத்தது சரி. கொத்தனார் சிமெண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது அக்ரிலிக், பல்செட் செய்கிற அதே இனம். சுமார் 40 கிராம் பொடியில் 20 மில்லி திரவத்தைக் கலப்போம். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் தொடை எலும்புக்குள் அழுத்தி நிரப்பி, செயற்கை மூட்டின் உலோகத் தண்டை இறக்குவோம். மிச்ச உருண்டையை உள்ளங்கையில் வைத்திருப்பேன். அது சுடச்சுட இறுகுவதை வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்கலாம். அறை வெப்பம் கூடினால் சீக்கிரமே இறுகிவிடும். ஒரு மே மாதம் ஏசி மக்கர் செய்தபோது, தண்டை இறக்குவதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

திரவம் மட்டும் இறுகினால் சுமார் 21 சதவீதம் சுருங்கும். பொடி ஏற்கெனவே இறுகிய பொருள் என்பதால், கலவைக்குக் கணக்குப்படி 6 முதல் 8 சதவீதம்தான். ஆனால் நடுவில் உலோகத் தண்டு இருக்கிறதே, சுருங்க எங்கே இடம்? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவார்களே, ஆறியதும் அது சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். பட்டா மட்டும் எந்நேரமும் இழுவையில் இருக்கும். தண்டைச் சுற்றி இறுகும் சிமெண்டும் அப்படித்தான். இரும்பு அதைத் தாங்கும். அக்ரிலிக் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையில் சுமார்தான். நோயாளி முதல் அடி வைக்கும் முன்பே மயிரிழை விரிசல் விழலாம்.

இன்னொன்று, உடம்புச் சூட்டில் எலும்போரம் முதலில் இறுகும், குளிர்ந்த தண்டோரம் கடைசியில். அதனால் குமிழிகள் தண்டை ஒட்டியே சேரும். தண்டைச் சற்றுச் சூடாக்கி இறக்கினால் இது குறையும். சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு பயந்துவிடாதீர்கள். அக்ரிலிக் மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், இழுவையில் ஒரு பங்கு தானே தணிந்துவிடும். இந்த மூட்டுகள் பெரும்பாலும் பல வருடம் உழைக்கின்றன. எனக்குக் கவலை வேறு. நன்றாக நடந்தவருக்கு வருடங்கள் கழித்து, உட்கார்ந்து எழும்போது முதல் சில அடிக்கு மட்டும் தொடையிலோ கவட்டியிலோ வலி வரும். "வாயு" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அது தண்டு தளர்வதாக இருக்கலாம். வலியே இல்லாமலும் தளரலாம். அதனால்தான் சொன்ன தேதிக்கு எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்கிறோம்.

அந்த அம்மா ஷேர் ஆட்டோ பிடித்துத் தவறாமல் வருகிறார். போன முறை மகன் எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சிமெண்டின் வெள்ளை ஓரத்தில் விரல் ஓட்டினார்.

"பபுள் எங்கியும் இல்லியே டாக்டர்?"