ரீலாபரோட்டமி: மறு வயிற்றறுவை

குதிரை மருத்துவத்தில் ‘ரீலாபரோட்டமி’ என்றால், ஏற்கெனவே வயிற்றறுவை ஆன குதிரையின் வயிற்றை மறுபடியும் திறப்பது. பெரும்பாலும் ‘கோலிக்’ என்னும் கடும் வயிற்றுவலிக்கு அறுவை செய்த பிறகு இந்தச் சொல் காதில் விழும்.

கிரேக்கத்தில் ‘லபாரா’ விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள மெத்தென்ற பகுதி, ‘தோமே’ வெட்டு. முன்னால் நிற்கும் ‘ரீ’ லத்தீன், ‘மீண்டும்’ என்று பொருள். சொல்லை அப்படியே எடுத்தால் பக்கவாட்டு வெட்டுதான். ஆனால் கோலிக் அறுவைக்குக் குதிரையை மயக்கி மல்லாக்கப் படுக்கவைத்து, அடிவயிற்றின் நடுக்கோட்டில்தான் வழக்கமாகக் கீறுகிறார்கள். அதனால் வயிற்றைக் குறிக்கும் ‘கொய்லியா’விலிருந்து வந்த ‘சீலியோட்டமி’யைப் பலர் விரும்புகிறார்கள். தமிழில் ‘வயிற்றறுவை’ என்றால் இந்தத் தகராறே இல்லை.

கோலிக், பெருங்குடலைக் குறிக்கும் ‘கோலோன்’ வழி வந்தது. நமக்குச் ‘சூலை’ இருக்கிறது: ஈட்டியாகக் குத்தும் வலி, வடமொழி ‘சூல’த்தின் வழி வந்த பெயர். அப்பரை வாட்டியதாகச் சைவ மரபு சொல்வதும் சூலை நோயைத்தான். ‘குதிரைச் சூலை’ என்று தாராளமாக எழுதலாம்.

சரி, எப்போது மறுபடி திறக்கிறார்கள்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அசையாமல் நின்றுவிட்டால் நீர் பின்னோக்கித் தேங்கி இரைப்பை உப்பும். மூக்கு வழியே குழாய் செலுத்தி வடிக்க வேண்டும். லிட்டர் கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது, வலிமருந்துக்குப் பிறகும் குதிரை தரையைப் பறண்டுகிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, நிமிடத்துக்கு 28 முதல் 40 வரை இருக்க வேண்டிய நாடித்துடிப்பு இறங்க மறுக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கும். குடல் தானாக அசையக் காத்திருப்பதா, மறுபடி திறப்பதா? மருத்துவருக்கு இதைவிடக் கடினமான முடிவு குறைவு. உள்ளே குடல் மீண்டும் முறுக்கியிருக்கலாம், முதல் அறுவையில் குடலை வெட்டி இணைத்த இடம் அடைத்தோ கசிந்தோ இருக்கலாம், தழும்புத் திசு குடலை ஒட்டவைத்திருக்கலாம். தாமதித்தால் குடல் அழுகும். திறந்தாலோ, இன்னும் ஆறாத அதே தையலைப் பிரிக்க வேண்டிவரும். காயத்தில் சீழ் பிடிக்கவும் பிற்பாடு அந்த வழியே குடல் பிதுங்கவும் வாய்ப்பு கூடும்.

‘இரண்டாம் அறுவை’ என்று எழுதுவது போதாது. அது காலில் செய்ததாகவும் இருக்கலாம். ‘மறு வயிற்றறுவை’ என்றால் இடமும் தெரிகிறது, முன்பு ஒருமுறை திறந்ததும் தெரிகிறது. பிதுங்கிய வயிற்றுச் சுவரை மட்டும் சில மாதம் கழித்துச் சரிசெய்வது வேறு. அதைக் ‘குடலிறக்கச் சீரமைப்பு’ என்றே எழுத வேண்டும்.