அருவியில் வெயில், மலையில் மழை

கொழும்பிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்பக்கூடிய அருவி என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் சொல்வது இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்ட பக்கத்து போபத் எல்ல. சுமார் 30 மீற்றர் உயரம். சிங்களத்தில் போபத் என்றால் அரசிலை, அதுபோல விரிந்து விழுவதால் அந்தப் பெயர். ஹைலெவல் வீதியால் மகரகம, ஹோமாகம, அவிசாவளை தாண்டிப் போகவேண்டும். வெள்ளவத்தையில் வான் விடிய 5.30க்குக் கிளம்பவேண்டும் என்றால் முகம் சுளிப்பார்கள். வெயிலுக்குப் பயந்து சொல்வதில்லை, பிற்பகல் இடிமழைக்குப் பயந்துதான். மதியத்துக்குள் குளித்து முடித்து, சோற்றுப் பார்சலைக் கரையில் பிரிப்பதே சரியான ஒழுங்கு.

அங்கே விழுவது குரு கங்கையின் நீர். அது சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து இறங்கி வருகிறது. அருவியடியில் வெயில் எறிக்க, மேலே மழை கொட்டலாம். அந்த வெள்ளம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும். எனவே முதல்நாள் மாலை கொழும்பு வானத்தைப் பார்த்துப் பயனில்லை. இரத்தினபுரி மாவட்டத்துக்கான வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பது நல்லது. வானுக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

தண்ணீரில் இறங்குமுன் கரையோரம் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை நிறுத்துங்கள். அவர் குளிக்கக்கூடாது, கைபேசியையும் நோண்டக்கூடாது. அந்தக் கல் நனையத் தொடங்கினாலோ, தெளிந்த நீர் பிளேன்டீ நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ எல்லோரும் உடனே கரையேறவேண்டும். செருப்பையும் பையையும் எடுக்க எதிர்க்கரைக்குப் போகவே வேண்டாம்.

அருவி நேரே விழும் இடத்தில் நீர் வெள்ளையாக நுரைக்கும். அது காற்றுக் கலந்த நீர், உடலைத் தாங்காது. நீச்சல் தெரிந்தவரையும் கீழே இழுக்கும். நீச்சல் தெரியாதவர் இடுப்பளவு நீரைத் தாண்டவேண்டாம். பாசி படிந்த பாறைக்கு அடுத்த அடியே ஆழமாக இருக்கலாம். குடித்தவரை இறக்கவே கூடாது. இந்த விஷயத்தில் முகதாட்சண்யம் பார்க்கும் வழிகாட்டியால் பிரயோசனமில்லை.

15 மீற்றர் கயிறும், மூடி இறுக்கிய வெற்று 5 லீற்றர் போத்தலும் வானில் இருக்கட்டும். போத்தல் காற்றில் திசைமாறாமல் போய் விழ அதற்குள் இரண்டு கோப்பை தண்ணீர் விட்டு, கைப்பிடியில் கயிற்றைக் கட்டுங்கள். ஒருவர் தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் அதை வீசுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவதுதான் அடிக்கடி நடப்பது. தூக்கியெடுத்தவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அமுக்கி, 2 தடவை ஊதி, இதையே தொடருங்கள். அமுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒருவர் இதைச் செய்ய, மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். எழும்பி உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

அட்டைக்கடிக்கு அலறத் தேவையில்லை. நகத்தால் வழித்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். கவனிக்கவேண்டியது எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல். இரத்தினபுரிப் பக்கம் அது அதிகம். காலில் ஆறாத புண் இருப்பவர் சேற்றுநீரில் இறங்கவேண்டாம். திரும்பிவந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், பனடோலோடு காலம் கடத்தாமல் வைத்தியரிடம் போய், ஆற்றில் குளித்ததை நீங்களாகவே சொல்லுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் டெங்குதான் முதலில் ஞாபகம் வரும்.