கோபி ஏன் ‘க’ ஆனார்?

செயலியில் பதிவு செய்து உள்ளே நுழைந்ததும் மேல் மூலையில் ஒரு வண்ண வட்டம் வரும். அதில் பயனருடைய பெயரின் முதல் எழுத்து இருக்கும். பெயரைத் தமிழில் கொடுத்த கோபிக்கு அங்கே ‘க’ என்று நிற்கிறது, மீனாவுக்கு ‘ம’. தன் பெயரையே சரியாக எழுதத் தெரியாத செயலியிடம் யார் நம்பிப் பணத்தைக் கொடுப்பார்கள்?

உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் தரமுறைதான் யூனிகோட். நாம் ஓர் எழுத்தாகப் படிப்பதை அது பல குறிகளாக (கேரக்டர்களாக) வைத்திருக்கிறது. ‘கோ’ என்றால் முதலில் க, அடுத்து ோ. முதல் கேரக்டரை மட்டும் எடுத்தால் க-தான் கிடைக்கும். ‘கார்த்திக்’ கண்ணுக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் நீளம் கேட்டால் 10. அதையே கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் 30 பைட். பட்டியலில் இடம் போதவில்லையென்று 7 கேரக்டரோடு வெட்டினால் ‘கார்த்த’ என்று நிற்கும். பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் முளைக்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ண ஜாவாஸ்கிரிப்டில் இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு அது 2024இல்தான் வந்தது என்பதால் பழைய உலாவிகளுக்கு மாற்று வழியும் வேண்டும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி தானாகவே எழுத்தாக எண்ணிவிடும். ஆனாலும் யூனிகோட் விதிப்படி க்ஷ, ஸ்ரீ இரண்டும் உடைந்துவிடும்: ஸ்ரீதரின் வட்டத்தில் ‘ஸ்’ மட்டும் வரும். இந்த இரண்டுக்கும் தனி விதி எழுதுங்கள். நாலு வரி வேலைதான்.

தேடல்தான் அதிகம் படுத்தும். ‘கோமதி’யின் ோ ஒரே குறியாகவும் இருக்கலாம், ே, ா என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தரவுத்தளத்தில் அவை வேறு வேறு. அதனால் வாடிக்கையாளர் கண்முன்னே இருந்தும் “இப்படி யாரும் இல்லை” என்று பதில் வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றினால் இது தீர்ந்துவிடும். கௌரி அதோடு தீராது. பாதிப் பேர் அதை ெ, ள என்று ‘கெளரி’யாக அடிக்கிறார்கள், யூனிகோடைப் பொறுத்தவரை இது வேறு சொல். ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ ஆக்கினால் ‘தெளிவு’, ‘வெள்ளை’ எல்லாம் நாசமாகும். ள-வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும், அதுவும் தேடலுக்கென்று வைத்திருக்கும் தரவுத்தளத்தின் தனி நெடுவரிசையில் மட்டும் மாற்றுங்கள். பயனர் அடித்த பெயரைத் தொடவே கூடாது.

அடுத்தது ‘கடைசிப் பெயர்’ பெட்டி. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கட்டாயம் என்று நட்சத்திரம் போட்டால் ஒருவர் வெறும் புள்ளி வைப்பார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார், வேறொருவர் தன் பெயரையே இரண்டு தடவை அடிப்பார். பிறகு ரசீதில் ‘மீனா மீனா’ என்று வரும். ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி போதும். அதில் புள்ளியும் இடைவெளியும் ஏற்கப்பட வேண்டும். ஆங்கில எழுத்தை மட்டும் அனுமதிக்கும் சரிபார்ப்பு ‘ஜெ. மீனா’வை வாசலிலேயே நிறுத்திவிடும்.

குறுஞ்செய்திக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் ஒரு செய்திக்கு 160 கேரக்டர். நடுவில் ஒரு தமிழ்ப் பெயர் நுழைந்தாலே வரம்பு 70 ஆகிவிடும்; அதைத் தாண்டினால் 67, 67ஆகப் பிரிந்து போகும், கட்டணமும் அதற்கேற்பக் கூடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கோபி, கார்த்திக், ஸ்ரீதர், லக்ஷ்மி, ஜெ. மீனா, இரண்டு விதக் கோமதி, இரண்டு விதக் கௌரி என்று ஒரு சோதனைக் கோப்பு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஓட்டினால் போதும். பதிவு, தேடல், ஏற்றுமதிக் கோப்பு எல்லாவற்றிலும் ஓட்டிவிட்டு, கடைசியில் பிடிஎஃப் ரசீது ஒன்றைத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். எழுத்துகளைக் கோத்து வரையத் தெரியாத பிடிஎஃப் நூலகங்கள் குறிகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும்: ‘ஜெ’யின் கொம்பு ஜ-வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளான ஹார்ஃப்பஸைப் (HarfBuzz) பயன்படுத்தும் நூலகத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் வழியாகவே பிடிஎஃப்பை எடுங்கள்.